சுப்ஜோங்க்திஃப் சிக்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிரெஞ்சில் தொடக்க நிலையான ஏ2 வரை ஓரளவு சிரமமில்லாமல் வந்துவிட்டவர்கள் பலரும் அடுத்த நிலையான பி1 வகுப்பில் முதன்முதலாகத் திணறும் இடம் சுப்ஜோங்க்திஃப் என்ற வினைவடிவம்தான். புதுச்சேரியிலும் சென்னையிலும் தெல்ஃப் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இதே கதை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் பக்கம் கடையிலோ உணவகச் சமையலறையிலோ வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போகிறவர்களுக்கும் இதே கதை. பாரிஸில் இருப்பவர்களுக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 2026 ஜனவரி முதல் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித் தகுதியை உயர்த்திவிட்டார்கள்.

பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் 'ஐயம், ஆசை, அச்சம், உணர்ச்சி இவற்றைக் காட்டும் வினை' என்று சொல்லித்தான் தொடங்கும். அது பொய்யில்லை, ஆனால் மாணவர்களைக் குழப்புவதும் அதுதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'இதில் எனக்கு ஐயம் இருக்கிறதா' என்று மனதைத் துருவிக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுவிடும். பெரும்பாலான இடங்களில் உங்கள் மனநிலையை யாரும் கேட்பதில்லை. 'கெ' என்ற இணைப்புச் சொல்லுக்கு இடது பக்கம் எந்தச் சொல் நிற்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. அதனால் என்ன தவறு வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: வாக்கியத்தில் 'கெ' எங்கே என்று பாருங்கள், அதன் இடது பக்கம் என்ன சொல், வலது பக்கம் யார் என்று பாருங்கள். அப்புறம் கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதைத் தேடிப் படித்தால் போதும், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு வாக்கியங்களைக் காதில் விழுகிற மாதிரி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தமிழில் இல்லாத ஒலிகள் உண்டு, தோராயம்தான். எழுத்துக்கூட்டலுக்கு வினை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நிகழ்கால வடிவத்தை, அதாவது அந்திகாத்திஃபை, 'சாதா வடிவம்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அறிகுறி: 'நான் போகணும்' சரியாக வருகிறது, 'அவன் புரிந்துகொள்வதற்காக' என்று வந்தால் வாக்கியம் உடைகிறது

தமிழ் பேசுகிறவர்களுக்கே உரிய தவறு இது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தமிழில் 'அவன் புரிந்துகொள்ள நான் மெதுவாகப் பேசினேன்' என்று சொல்லலாம். 'அம்மா வருவதற்கு முன் வீட்டைக் கூட்டிவிட்டேன்' என்று சொல்லலாம். 'யாருக்கும் தெரியாமல் கிளம்பினான்' என்றும் சொல்லலாம். புரிந்துகொள்கிறவன் வேறு, பேசுகிறவன் வேறு, வருகிறவர் வேறு, கூட்டுகிறவர் வேறு. தமிழ் எச்சங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தனக்கென்று ஓர் எழுவாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நிற்கும். பிரெஞ்சு மூல வடிவத்துக்கு, அதாவது 'பார்தீர்' மாதிரி அகராதியில் இருக்கும் வினை வடிவத்துக்கு, அந்தச் சுதந்திரம் கிடையாது. 'பூர்', 'அவாங் தெ', 'ஸாங்' இவற்றுக்குப் பின்னால் மூல வடிவம் வந்தால் அந்த வேலையைச் செய்கிறவர் முதன்மை வினையின் ஆளேதான். தமிழ் வழக்கில் யோசித்துக்கொண்டே எழுதுகிறவர் 'ஜெ பார்ல் லாந்த்மாங் பூர் இல் கோம்ப்ராந்த்ர்' என்று எழுதிவிடுகிறார். பிரெஞ்சுக்காரருக்கு அர்த்தம் புரியும், ஆனால் வாக்கியம் நிற்காது. சரியானது: 'ஜெ பார்ல் லாந்த்மாங் பூர் கில் கோம்ப்ரென்'.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. 'கெ'யைக் கற்றுக்கொண்ட புதிதில் 'ஜெ வெ கெ ஜெ பார்த்' என்று எழுதுவார்கள். விரும்புகிறவனும் நான், கிளம்புகிறவனும் நான், இங்கே 'கெ'க்கு வேலையே இல்லை. 'ஜெ வெ பார்தீர்', அவ்வளவுதான்.

சரிசெய்ய, எழுதத் தொடங்குமுன் ஆட்களை எண்ணுங்கள். இரண்டு வினைக்கும் ஒரே ஆளா? மூல வடிவம். இரண்டு ஆளா? 'கெ' போட்டு சுப்ஜோங்க்திஃப். 'ஜெ மாஞ்ஜ் அவாங் தெ பார்தீர்' என்றால் சாப்பிடுவதும் நான், கிளம்புவதும் நான். 'ஜெ மாஞ்ஜ் அவாங் கெ த்யூ பார்த்' என்றால் நான் சாப்பிடுகிறேன், நீ கிளம்புகிறாய். 'பூர்' என்பதற்கு 'பூர் கெ', 'ஸாங்' என்பதற்கு 'ஸாங் கெ', 'அ கோந்திஸியோங் தெ' என்பதற்கு 'அ கோந்திஸியோங் கெ' என்று ஜோடி ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள், தனித்தனியாக வேண்டாம்.

ஜோடி இல்லாத சிலவும் இருக்கின்றன. 'பியாங் கெ', 'ஜ்யூஸ்கா ஸெ கெ' இரண்டுக்கும் மூல வடிவத் துணை கிடையாது, அதனால் ஆள் ஒருவராகவே இருந்தாலும் சுப்ஜோங்க்திஃப்தான். 'பியாங் கெ ஜெ ஸ்வா ஃபாதிகே, ஜெ த்ராவாய்', களைப்பாக இருந்தாலும் வேலை செய்கிறேன். ஆள் எண்ணும் விதியை இங்கே கொண்டுவந்து குழம்பிக்கொள்ள வேண்டாம்.

'இல் ஃபோ' கொஞ்சம் தனி. 'இல் ஃபோ பார்தீர்' என்றால் பொதுவாகக் கிளம்ப வேண்டும், யார் என்று சொல்லவில்லை, சூழ்நிலை சொல்லும். ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'இல் ஃபோ கெ த்யூ பார்த்'. 'நீ போகணும்' என்பதை அப்படியே 'இல் ஃபோ த்யூ பார்' என்று சொல்வதை நிறையக் கேட்கிறேன். அதில் 'கெ'யும் இல்லை, வடிவமும் சரியில்லை.

அறிகுறி: எங்கே போட வேண்டும் என்று தெரிகிறது, வடிவம் தப்பாகப் போகிறது

ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவங்களைப் புதிதாக மனப்பாடம் செய்யாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்தே எடுக்கலாம்.

'ப்ராந்த்ர்' வினையை எடுத்துக்கொள்வோம். சாதா வடிவத்தில் 'அவர்கள் எடுக்கிறார்கள்' என்பது 'இல் ப்ரென்'. எழுத்தில் அதன் கடைசியில் நிற்கும் ஈ-என்-டி (ent) மூன்றையும் வெட்டுங்கள். மிஞ்சியதுதான் அடி. நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் அந்த அடியோடு ஈ, ஈ-எஸ், ஈ, ஈ-என்-டி என்று சேர்த்தால் முடிந்தது. காதுக்கு நான்கும் ஒரே ஒலிதான்: 'ப்ரென்'. 'நாம்', 'நீங்கள்' இரண்டுக்கு மட்டும் அடி வேறு: சாதா வடிவத்து 'நூ ப்ரனோங்' என்பதிலிருந்து எடுத்து, நடுவில் ஓர் ஐ சேர்த்து 'நூ ப்ரன்யோங்', 'வூ ப்ரன்யே'. இந்த இரண்டும் ஆங்பார்ஃபே, அதாவது தொடர் இறந்தகால வடிவத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆகவே ஆங்பார்ஃபே தெரிந்தவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. 'வெனீர்' இதே போல: 'கில் வியென்', 'கெ நூ வென்யோங்'. 'ப்வார்' இதே போல: 'கில் ப்வாவ்', 'கெ நூ ப்யூவ்யோங்'. 'தெவ்வார்', 'ரெஸவ்வார்' எல்லாம் இந்தக் குடும்பம்.

இந்த வழியில் வராதவை கை விரல்களுக்குள் அடங்கும். 'ஃபேர்', 'புவ்வார்', 'ஸவ்வார்' மூன்றுக்கும் ஒரே அடி கடைசி வரை: ஃபாஸ், ப்வீஸ், ஸாஷ், 'நாம்' வந்தாலும் ஃபாஸ்யோங், ப்வீஸ்யோங், ஸாஷ்யோங். 'அலே', 'வூல்வார்' இரண்டும் ஆய், வெய் என்று மாறும், ஆனால் 'நாம்', 'நீங்கள்' வரும்போது பழைய அடிக்கே திரும்பிவிடும்: அல்யோங், வூல்யோங். 'ஏத்ர்', 'அவ்வார்' இரண்டும் முழுக்கத் தனி, அவற்றை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். பிறகு ஆளில்லாமல் மட்டுமே வரும் 'ஃபல்வார்', அதோடு 'வல்வார்', அவை மெல்ல வரட்டும்.

எழுத்தில் மதிப்பெண் போகும் இடங்கள் இரண்டு. 'ஏத்ர்', 'அவ்வார்' இரண்டுக்கும் 'அவன்' வடிவம் ஈ-யில் முடியாது, டி-யில் முடியும். அதே இரண்டுக்கும் 'நாம்', 'நீங்கள்' வடிவத்தில் ஒய்-க்குப் பின்னால் ஐ வராது. ஆனால் 'வ்வார்', 'க்ர்வார்' போன்ற மற்ற வினைகளில் ஒய்-க்குப் பின்னால் ஐ கட்டாயம் உண்டு. விதியைப் பாதி கற்றவர்கள் இரண்டு இடத்திலும் ஐ போடுவார்கள், அல்லது இரண்டு இடத்திலும் விடுவார்கள். 'எத்யூதியே' வினையில் அடியே ஐ-யில் முடிவதால் இரண்டு ஐ அடுத்தடுத்து நிற்கும், பார்த்தால் அச்சுப்பிழை மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் சரி.

'பார்லே' மாதிரி ஈ-ஆர் வினைகளுக்கு 'நாம்', 'நீங்கள்' தவிர மற்ற இடங்களில் சாதா வடிவமும் இதுவும் ஒன்றே. அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி: பேசும்போது நான் சரியாகச் சொன்னதாக நினைக்கிறேன், ஆசிரியர் தப்பு என்கிறார்

பெரும்பாலும் கடைசி மெய்யை விழுங்குகிறீர்கள். 'இல் பார்' என்றால் கிளம்புகிறான், அங்கே டி எழுத்தில் மட்டும் இருக்கிறது. 'கில் பார்த்' என்னும்போது அந்த டி வாயில் வெடிக்க வேண்டும். 'தோர்' என்பது 'தோர்ம்' ஆகிறது, 'மே' என்பது 'மெத்', 'ஸோர்' என்பது 'ஸோர்த்', 'அதாங்' என்பது 'அதாந்த்', 'ஃபினி' என்பது 'ஃபினீஸ்'. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் முழுக்க அந்தக் கடைசி மெய்யில்தான் இருக்கிறது. நமக்குச் சொல்லின் கடைசியில் வல்லின மெய் தனியாக நின்று பழக்கமில்லை, ஒன்று விட்டுவிடுவோம் அல்லது 'பார்த்து' என்று உகரம் சேர்ப்போம். விடுவதைவிடச் சேர்ப்பது மேல், குறைந்தபட்சம் மெய் கேட்கும். ஆனால் பழகப்பழக உகரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

'கில் ஏ' என்பதற்கும் 'கில் ஆய்' என்பதற்கும் இடையே கவனம் தேவை. முதலாவது 'அவ்வார்', அவனிடம் இருக்கட்டும். இரண்டாவது 'அலே', அவன் போகட்டும். முதலாவதிலும் ஒரு வம்பு உண்டு: 'ஏத்ர்' வினையின் சாதா வடிவமும் கிட்டத்தட்ட அதே 'கில் ஏ' என்று ஒலிக்கும், அதனால் எழுதும்போது எதை எழுதுவது என்று பிரெஞ்சுக்காரர்களே தடுமாறுவார்கள். 'அவன்' இருக்கும் இடத்தில் 'நாம்' போட்டுப் பாருங்கள். 'அய்யோங்' என்று வந்தால் 'அவ்வார்', 'ஸோம்' என்று வந்தால் 'ஏத்ர்'. தேர்வறையில் இரண்டு வினாடி வேலை.

அறிகுறி: கவுன்ட்டரில் அவர்கள் சொல்வது இறந்தகாலம் போலக் காதில் விழுகிறது

ப்ரெஃபெக்த்யூர், அதாவது வதிவிட அட்டை தரும் அரசு அலுவலகத்தின் கவுன்ட்டரில் நிற்கிறீர்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து 'இல் ஃபோ கெ வூ ப்ரன்யே ராந்தெவூ' என்று வேகமாக வருகிறது. 'வூ ப்ரன்யே' என்பதை ஆங்பார்ஃபே என்று எடுத்துக்கொண்டு, 'நான் ஏற்கெனவே அப்பாயின்ட்மென்ட் எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறாரா' என்று குழம்புகிறீர்கள். அவர் சொன்னது அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிட்டு வாருங்கள் என்று. அடுத்து 'இல் ஃபோத்ரே கெ வூ ரெவென்யே அவெக் லெ பாஸ்போர்' என்று வரும்: பாஸ்போர்ட்டோடு திரும்பி வர வேண்டும். 'ஃபோத்ரே' என்பது 'ஃபோ'வின் மரியாதையான வடிவம். கோரிக்கை போல ஒலித்தாலும் கவுன்ட்டரில் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காதை இப்படிப் பழக்குங்கள்: 'ஃபோ கெ', 'ஃபோத்ரே கெ', 'பூர் கெ' என்று ஏதாவது விழுந்தவுடன், அதன் பிறகு வரும் 'யே' இறந்தகாலமில்லை, இனிமேல் நீங்கள் செய்ய வேண்டியது. அலுவலகங்கள், மருத்துவமனை வரவேற்பு, பள்ளிக்கூடச் சந்திப்பு எல்லா இடத்திலும் நம்மிடம் பேசுகிறவர்கள் 'வூ' போட்டுத்தான் பேசுவார்கள், அதனால் தேர்வுக்கு எந்த வடிவம் முக்கியமோ, பிரான்சில் குடியிருப்பவருக்கு அதைவிட இந்த 'யே' முக்கியம்.

அறிகுறி: இப்போது எல்லா 'கெ'க்குப் பின்னாலும் போட ஆரம்பித்துவிட்டேன்

பி1-க்கும் பி2-க்கும் நடுவில் வரும் நோய். இதுவும் இடது பக்கச் சொல்லைப் பார்க்காமல் அர்த்தத்தைப் பார்ப்பதால் வருவதுதான்.

முதல் குற்றவாளி 'எஸ்பெரே'. ஆசை என்றால் சுப்ஜோங்க்திஃப் என்று படித்தவர் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே 'ஜெஸ்பேர் கெ வூ ஸால்யே பியாங்' என்று எழுதுகிறார். தேர்வில் திருத்துகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான். சரியானது சாதா வடிவம்: 'ஜெஸ்பேர் கெ வூ ஸாலே பியாங்'. பிரெஞ்சு 'எஸ்பெரே'யை நடக்கும் என்று எதிர்பார்ப்பதாக வைத்திருக்கிறது, அதன் பின்னால் எதிர்காலம்கூட வரலாம். அதன் உறவுக்காரச் சொல் 'ஸ்வேதே' கேட்பது சுப்ஜோங்க்திஃப். இரண்டையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி ஒட்டிவையுங்கள்.

அடுத்து 'ப்ரோபாப்ல்', 'போஸிப்ல்'. நடக்கும்போல இருக்கிறது என்னும் முதலாவதுக்கு சாதா வடிவம், நடக்கலாம் என்னும் இரண்டாவதுக்கு சுப்ஜோங்க்திஃப். 'பெ ப்ரோபாப்ல்', அதாவது நடப்பது சந்தேகம் என்றால் சுப்ஜோங்க்திஃப். 'இல் ஸாம்ப்ல் கெ' சுப்ஜோங்க்திஃப் கேட்கும், நடுவில் ஒரு 'மெ' நுழைந்து 'இல் மெ ஸாம்ப்ல் கெ' ஆனால் 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று ஆளின் கருத்தாகிவிடும், சாதா வடிவம் வரும்.

'அப்ரே கெ' பற்றி ஒரு வார்த்தை. இலக்கணப்படி சாதா வடிவம்தான், நடந்து முடிந்ததைச் சொல்வதால். ஆனால் 'அவாங் கெ'யின் பக்கத்திலேயே இருப்பதால் பிரெஞ்சுக்காரர்களே ஏராளமாக சுப்ஜோங்க்திஃப் போட்டுப் பேசுகிறார்கள், வானொலியிலும் கேட்கலாம். கேட்டுப் பழகுங்கள், தேர்வில் மட்டும் இலக்கணத்தோடு நில்லுங்கள். இன்னும் நல்லது, வாக்கியத்தையே மாற்றிவிடுவது: அவன் போன பிறகு என்பதற்கு 'அப்ரே ஸோங் தேபார்'. ஆள் ஒருவரே என்றால் 'அப்ரே ஸாவ்வார் மாஞ்ஜே', சாப்பிட்ட பிறகு.

'பார்ஸ் கெ', 'பாந்தாங் கெ', 'தெப்வி கெ', 'தே கெ' எல்லாம் சாதா வடிவம், யோசிக்கவே வேண்டாம். 'பியாங் கெ' நாக்கில் நிற்காவிட்டால் 'மேம் ஸி' போடலாம், சாதா வடிவம் போதும். 'மால்க்ரே கெ' என்று தெருவில் கேட்பீர்கள், பல ஆசிரியர்கள் அதை அடித்துவிடுவார்கள், தவிர்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒருமுறை இது, ஒருமுறை அது வருகிறது

இங்கேதான் அர்த்தம் உள்ளே வருகிறது, இடது பக்கச் சொல் மட்டும் போதாது. நல்ல வேளையாக, இதில் தமிழ் நமக்குக் கை கொடுக்கும்.

'தீர்', சொல்வது. 'வருவதாகச் சொன்னான்' என்பது செய்தி, சாதா வடிவம். 'வரச் சொன்னான்' என்பது ஏவல், அதற்கு 'கெ' போட்டால் சுப்ஜோங்க்திஃப். தமிழில் 'வருவதாக', 'வர' என்று உங்கள் வாய் தானாகவே பிரித்துவிடுகிறது, அதையே பின்பற்றுங்கள். பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் ஏவலுக்குப் பெரும்பாலும் 'தீ லுயீ தெ வெனீர்' என்று மூல வடிவத்தோடு முடித்துவிடுவார்கள்.

'பாந்ஸே', நினைப்பது. 'ஜெ பாங்ஸ் கெ' சாதா வடிவம். 'ஜெ நெ பாங்ஸ் பா கெ' வந்தால் சுப்ஜோங்க்திஃப். 'ஸெர்தாங்', 'ஸ்யூர்' இவையும் இப்படியே: உறுதி என்றால் சாதா வடிவம், உறுதியில்லை என்றால் சுப்ஜோங்க்திஃப். கேள்வியில், வினையை முன்னால் திருப்பி முறையாகக் கேட்டால் சுப்ஜோங்க்திஃப் வரும், 'எஸ் கெ' போட்டுச் சாதாரணமாகக் கேட்டால் சாதா வடிவமே போதும்.

வீடு தேடுவது இன்னொன்று. 'ஜெ ஷெர்ஷ் அன் அபார்த்மாங் கி ஏ அங் பால்கோங்' என்பதை 'ஏ-ஐ-டி' (ait) போட்டு எழுதினால், பால்கனி உள்ள ஒரு வீட்டைத் தேடுகிறேன், அப்படி ஒன்று இருக்கிறதா என்று தெரியாது. கிடைத்துவிட்ட பிறகு சாதா வடிவம்: பால்கனி உள்ள வீடு கிடைத்தது, இருக்கிறது, பார்த்தாயிற்று. இந்த இரண்டு வாக்கியமும் தேர்வுக் கட்டுரையில் அடுத்தடுத்து வந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று திருத்துகிறவருக்குப் புரிந்துவிடும்.

அறிகுறி: 'நெ' இருக்கிறது, 'பா' இல்லை, வாக்கியம் எதிர்மறையா இல்லையா?

இல்லை. 'அவாங் கில் நெ பார்த்' என்றால் அவன் கிளம்புவதற்கு முன், கிளம்பாததற்கு முன் இல்லை. 'ஜே பெர் கில் நெ வியென்' என்றால் அவன் வந்துவிடுவானோ என்று பயம். வராமல் போய்விடுவானோ என்று பயந்தால் 'பா' சேர வேண்டும்: 'கில் நெ வியென் பா'. அந்தத் தனி 'நெ' எழுத்து நடைக்கான அலங்காரம், விட்டுவிட்டாலும் தப்பில்லை. 'அவாங் கெ', 'அ ம்வாங் கெ', பயம் சொல்லும் வினைகள் இவற்றோடு வரும். நீங்கள் எழுத வேண்டியதில்லை, படிக்கும்போது ஏமாறாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: நாளைக்கு நடப்பது, நேற்று நடந்தது, காலம் குழப்புகிறது

எதிர்கால சுப்ஜோங்க்திஃப் என்று ஒன்று பிரெஞ்சில் இல்லை. 'ஜெ நெ க்ர்வா பா கில் வியென் தெமாங்', நாளை வருவான் என்று தோன்றவில்லை. 'தெமாங்' என்ற சொல்லே காலத்தைச் சொல்லிவிடுகிறது.

இறந்தகாலத்துக்கு 'அவ்வார்' அல்லது 'ஏத்ர்' வினையின் சுப்ஜோங்க்திஃப், அதோடு முதன்மை வினையின் பார்த்திஸிப் பாஸே ('வெந்யூ' மாதிரி இறந்தகால எச்சம்). எப்போது? தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நீ வருவது எனக்குச் சந்தோஷம்' என்று வந்தால் 'கெ த்யூ வியென்'. 'நீ வந்தது எனக்குச் சந்தோஷம்' என்று வந்தால் 'கெ த்யூ ஸ்வா வெந்யூ'. முதன்மை வினை இறந்தகாலத்தில் இருப்பது ஒரு பொருட்டே இல்லை. 'அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்' என்பதில் 'விரும்பினேன்' கடந்துபோனது, 'வர' அப்படியே நிற்கிறது. பிரெஞ்சும் அப்படியே: 'ஜெ வூலே கில் வியென்'.

அறிகுறி: எழுதினால் வருகிறது, வாயைத் திறந்தால் வருவதில்லை

விதி தெரிந்தும் வராததற்குக் காரணம், பேசும்போது விதியைத் தேடிக்கொண்டிருப்பதுதான். இதற்கு இலக்கணப் புத்தகம் உதவாது, துண்டு துண்டாக வாய்க்குப் பழக்க வேண்டும். பிரான்சில் ஒரு வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ கிளம்பும் எவரும் சொல்வது 'இல் ஃபோ கெ ஜி ஆய்', நான் கிளம்பணும். அவசரத்தில் முதல் சொல்லை விட்டு 'ஃபோ கெ ஜி ஆய்' என்பார்கள். இதை ஒரே சொல்லாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பது 'அலே'யா என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். அதே வேகத்தில் 'ஃபோ கெ ஜெ ஃபாஸ்', 'ஃபோ கெ ஜெ ஸ்வா', 'ஃபோ கெ ஜெ ப்ரென்', 'பூர் கெ த்யூ ப்வீஸ்', 'பூர் கெ த்யூ ஸாஷ்'. பாத்திரம் கழுவும்போதும் மெட்ரோவில் நிற்கும்போதும் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை இப்படியே சொல்லிக்கொள்ளுங்கள்: வங்கிக்குப் போகணும், பிள்ளையைக் கூட்டிவரணும், ரொட்டி வாங்கணும். தமிழில் நாம் ஒரு நாளில் எத்தனை 'ணும்' போடுகிறோமோ அத்தனையும் பயிற்சிக்கு இடம்.

தேர்வில் வாய் அடைத்தால் வெளியேறும் வழியும் தெரிந்திருக்கட்டும்: 'த்யூ த்வா' போட்டு மூல வடிவம். ஆனால் தெல்ஃப் பி1 கட்டுரை 160 வார்த்தை எழுத வேண்டியது, அதில் ஓரிரு இடத்திலாவது சுப்ஜோங்க்திஃப் சரியாக நிற்க வேண்டும், எல்லாவற்றிலும் தப்பித்துக்கொண்டே போனால் பி1 அளவு இலக்கணம் தெரியும் என்பதைக் காட்ட இடமில்லாமல் போகும்.

அறிகுறி: இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வாக்கியமே 'கெ'யில் தொடங்குகிறது

அது நம் வியங்கோள். 'வீவ் லா ஃப்ராங்ஸ்' என்பதில் உள்ள 'வீவ்' ஒரு சுப்ஜோங்க்திஃப், அங்கே 'கெ' கூட உதிர்ந்துவிட்டது: பிரான்ஸ் வாழ்க. பிரெஞ்சில் பூசைக்குப் போகிறவர்களுக்கு 'கெ தோங் ரெஞ் வியென்' தெரிந்திருக்கும், தமிழில் 'உமது ஆட்சி வருக' என்று சொல்லும் அதே வரி. 'கில் ஆந்த்ர்' என்றால் அவன் உள்ளே வரட்டும். க, அட்டும் என்று தமிழில் முடிவதெல்லாம் இங்கே பொருந்தும்.

அறிகுறி: நாவலில் 'ஃப்யூ', 'ய்யூ' என்று அட்டவணையில் இல்லாதது வருகிறது

பழைய இலக்கிய நடையின் ஆங்பார்ஃபே சுப்ஜோங்க்திஃப். 'அவன்' வடிவத்தில் உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி, கடைசியில் டி, அதை வைத்து அடையாளம் காணலாம். 'ஃப்யூ' என்றால் 'ஏத்ர்', 'ய்யூ' என்றால் 'அவ்வார்'. கூரை இல்லாமல் வந்தால் அது வேறு, வெறும் பாஸே ஸிம்ப்ல், எழுத்து நடை இறந்தகாலம். இன்று யாரும் இதைப் பேசுவதில்லை, பி1, பி2 தேர்வில் நீங்கள் எழுத வேண்டியதும் இல்லை. 'ஸ்வா', 'ஏ' என்று மனதுக்குள் மாற்றிப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.